நல்ல பூச்சியை விடுறதுக்கு முன்னாடி இலையைத் திருப்பிப் பாரு, தங்கச்சி!

கம்பம் பக்கம் அவரைப் பந்தலும் தட்டைப்பயறும் போட்டிருக்கிற தங்கச்சிகளுக்கு முதல்லயே சொல்லிடுறேன். அசுவினியைத் தின்கிற பூச்சிங்க, ஒண்ணை ஒண்ணும் தின்னும். காசு குடுத்து வாங்கி எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டினா பாதி வீணாப் போயிரும்.

எறும்பை விரட்டுறதுதான் முதல் வேலை. அசுவினியோட இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்கும். பொறிவண்டு வந்தா கடிச்சு விரட்டும். பந்தக்கால்ல கிரீஸ் தடவு. கொடித்தண்டுல நேரா தடவாதே. துணியைச் சுத்தி அது மேல தடவு.

அப்புறம் இலையைத் திருப்பிப் பாரு. மஞ்சளா, கூட்டமா நட்டுவச்சாப்ல இருக்கிறது பொறிவண்டு முட்டை. குட்டி முதலை மாதிரி கருப்பா ஊருறது அதோட புழு. கெட்ட புழுன்னு நெனச்சு இதைத்தான் நம்மாளுங்க நிறைய நசுக்கிடுறாங்க! முடி மாதிரி மெல்லிசான காம்பு நுனியில ஒத்தை முட்டை நின்னா, அது கண்ணாடி இறக்கைப் பூச்சியோடது. முதல்ல பொரிச்ச புழு பக்கத்து முட்டையைத் தின்னுடாம இருக்கத்தான் அந்தக் காம்பு. ஊதிப்போய் பழுப்பா ஒட்டிக்கிட்டிருக்கிற அசுவினிக்குள்ள ஒட்டுண்ணிக் குளவி வளருது, அதையும் விட்டுவை.

இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிற கொடியில கண்ணாடி இறக்கைப் பூச்சியை விடாதே. அசுவினி குறைஞ்சதும் அதோட புழு பொறிவண்டு முட்டையில வாய் வைக்கும். இல்லாத கொடியில சாயங்காலமா, செடிக்குக் கொஞ்சமாப் பரப்பி விடு. ஒண்ணை ஒண்ணு தின்னுடும்னு ஆய்வகத்துலயே இந்தப் புழுவைத் தனித்தனி அறையில வச்சுத்தான் வளக்குறாங்க.

2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம பன்னீர் திராட்சைக்கு மாவுப்பூச்சிதான் தொல்லை. அதுக்குக் கொடிக்கு 10 கிரிப்டோலேமஸ் வண்டு விடலாம். 1898-லயே ஆஸ்திரேலியாவுல இருந்து இந்தியாவுக்கு வந்த வண்டு இது. இதோட புழுவும் வெள்ளை மெழுகு பூசி மாவுப்பூச்சியாட்டமே இருக்கும், ஆனா விறுவிறுன்னு நடக்கும். நசுக்கிடாம இருக்க, தோட்டத்துல வேலை செய்யுறவங்களுக்கும் இதைக் காட்டிவை.

வாழைக்கு மட்டும் இந்தப் பொறுமை ஆகாது. அதுல அசுவினி இலையுறைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு முடிக்கொத்து நோயைப் பரப்பும். பழனி மலையிலயும் சிறுமலையிலயும் மலைவாழையை அழிச்சது இந்த நோய்தான். இலை குறுகிக் கொத்தா நின்னா பொறிவண்டுக்குக் காத்திருக்காதே. அசுவினி பக்கத்து மரத்துக்குப் பறக்காம அந்த மரத்துக்கு மட்டும் மருந்தடிச்சுட்டு, கிழங்கோட தோண்டி அழிச்சிரு. அந்த மரத்துப் பக்கக்கன்னை எடுத்து நடவே நடாதே!