காதுவலியும் தாடை மூட்டும்

காதுத் துளையின் முன்னே சிறு முகடுபோல் நிற்கும் குருத்தைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு விரற்கடை முன்னால், இரு கன்னங்களிலும் சுட்டுவிரல் நுனியை வைத்துக்கொண்டு வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலின் அடியில் ஓர் உருண்டை அசைவதை உணர்வீர்கள். அதுவே கீழ்த்தாடை எலும்பின் தலை. அது மண்டையோட்டுடன் சேருமிடமே தாடை மூட்டு.

முழங்கை பெரும்பாலும் கதவுக் கீல்போல் மடங்கி நீள்வது. தாடை மூட்டோ வாய் சிறிது திறக்கும்வரை கீல்போல் சுழன்று, மேலும் திறக்கும்போது தன் குழியை விட்டு முன்னே வழுக்கிச் செல்கிறது. இரு எலும்புகளும் உராயாதபடி நடுவே நார்த் திசுவாலான ஒரு மெல்லிய வட்டு உண்டு. எலும்பின் தலை நகரும்போது வட்டும் உடன் நகர வேண்டும். கீழ்த்தாடை ஒரே எலும்பாதலின் வலமும் இடமும் ஒன்றையொன்று பிரிந்து இயங்க இயலாது. ஒரு பக்கம் பழுதுபட்டால் மறுபக்கமும் அச்சுமையை ஏற்கும்.

இம்மூட்டின் பின்சுவரே காதுக் குழாயின் முன்சுவர். அன்றியும், மூட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்புக் கிளையே காதின் முற்பகுதிக்கும் செல்கிறது. எனவே மூட்டில் தோன்றும் வலி காதில் தோன்றியதாகவே மூளைக்குப் படுகிறது. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் காது மருத்துவராயிருந்த ஜேம்ஸ் காஸ்டன் என்பவர், காதடைப்பு, இரைச்சல், காதைச் சுற்றிய வலி முதலியவற்றைத் தாடை மூட்டோடு தொடர்புபடுத்தி 1934-இல் எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்தமையால் தாடை பின்னோக்கி அழுத்துவதே காரணம் என்று அவர் தந்த விளக்கத்தைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. காதுநோய்போல் தோன்றுவது தாடையிலிருந்தும் வரலாம் என்ற அவருடைய கவனிப்பு மட்டும் நிலைத்தது.

ஆகவே மருத்துவர் காதைச் சோதித்து, உள்ளே சீழோ சிவப்போ இல்லை என்று சொல்லியும் வலி நீடிக்குமானால் தாடையை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். பல்லின் நிலையும் இதுவே. மெல்லும் தசையின் வலி கடைவாய்ப் பல்லில் குத்துவதுபோல் தோன்றும். சொத்தையில்லாத நல்ல பல்லைப் பிடுங்கிய பின்னும் வலி தீராது அல்லலுறுவோர் உண்டு. பல் போனால் மீளாது. படம் எடுத்துப் பாராமல் அதற்கு இசைய வேண்டா.

தாடை நோயை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். மெல்லும்போதும், கொட்டாவி விடும்போதும், நெடுநேரம் பேசும்போதும் வலி மிகுகிறதா? காலையில் எழுந்தவுடன் தாடை இறுகியிருக்கிறதா? கன்னப் பொட்டில் தலைவலி வருகிறதா? உங்கள் கையின் நடு மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைத்துப் பாருங்கள். நலமான வாயில் பெரும்பாலும் நுழையும். திறப்பு 40 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது இயல்பு. 35-க்குக் குறைந்தால் தடை உண்டு எனலாம். கண்ணாடியின் முன் நின்று வாய் திறக்கையில் மோவாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்பதையும் நோக்குங்கள்.

பலரும் அஞ்சுவது சொடுக்கு ஒலியைத்தான். வலியும் தடையும் இன்றி ஒலி மட்டும் கேட்டால் மருத்துவம் தேவையில்லை. மிகப் பலருக்கு அது உண்டு. ஆனால் நெடுநாள் இருந்த சொடுக்கு ஒருநாள் திடீரென நின்று, அன்றே வாயும் சரிவரத் திறவாமற்போனால், விலகிய வட்டு வழிமறித்து நிற்கிறது என்று பொருள். ஒலி நின்றதே என்று மகிழாமல் மருத்துவரைக் காணுங்கள். மணலை அரைப்பதுபோன்ற நறநறப்பு, மூட்டின் தேய்மானத்தைக் குறிப்பது.

இந்நோய் ஆண்களினும் பெண்களுக்கே மிகுதி. அதிலும் 20 முதல் 40 வயதுவரை. உறக்கத்தில் பல் கடித்தல், அடிபடுதல், மூட்டுவாதம், மனக்கவலை எனக் காரணங்கள் பல. விழித்திருக்கும்போதே பல்லைக் கடித்திருப்போரும் பலர். தேர்வெழுதும் பிள்ளைகளின் கன்னத்தைப் பார்த்தால் இது விளங்கும்! மெல்லாமலும் விழுங்காமலும் இருக்கும்போது உதடுகள் சேர்ந்தும் பற்கள் பிரிந்தும் இருப்பதே இயற்கை.

வேறு சில நோய்களும் இவ்வாறு தோன்றும். பாக்கு மெல்லுவோர்க்குக் காரம் பட்டால் வாய் எரிந்து, கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து விறைத்து, வாய்த்திறப்பு நாளடைவில் குறுகுமானால் அது மூட்டு நோயன்று. புற்றாக மாறவும் கூடும். 50 வயதைக் கடந்தவர்க்குப் புதிய தலைவலியும், மெல்லும்போது தாடை அயர்வும், பார்வை மங்கலும் சேர்ந்தால் பொட்டுத் தமனியின் அழற்சியாகலாம். கண்ணொளி போய்விடுமாதலால் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். மாடிப்படி ஏறும்போது வந்து, அமர்ந்தால் தணியும் தாடை வலி இதயத்தின் குரலாகலாம்.

உண்மையான தாடை மூட்டு நோய் பெரும்பாலோர்க்கு எளிய பேணுதலாலேயே தணிகிறது. முறுக்கு, தட்டை, கரும்பு ஆகியவற்றைச் சில வாரம் ஒதுக்கிவிட்டுக் குழைந்த பருப்புச் சாதம், வெந்த சுரைக்காய், கஞ்சி என உண்ணலாம். இளஞ்சூட்டு ஒத்தடம் நாளைக்கு இருமுறை கொடுக்கலாம். நாட்பட்ட தாடை வலிக்காக 2023-இல் பி.எம்.ஜே. என்னும் மருத்துவ இதழ் வெளியிட்ட பன்னாட்டு நெறிமுறை, தாடைப் பயிற்சி, நோயைப் பற்றிய தெளிவு, மனப்பயிற்சி ஆகியவற்றையே வலியுறுத்துகிறது. வட்டை அறுத்தெடுக்கும் சிகிச்சை வேண்டாம் என்கிறது. கடிப்பைச் சரிசெய்வதாகச் சொல்லிப் பற்களை அராவ முற்படுவோரிடமும் எச்சரிக்கையாயிருங்கள்.

கொட்டாவியில் தாடை முன்னே நழுவி, வாயை மூடவே முடியாமற்போவதும் உண்டு. அவ்வேளையில் மோவாயில் அடிப்பதோ வலிந்து மூடுவதோ கூடாது. மருத்துவர் கட்டைவிரல்களால் கடைவாய்ப் பக்கம் கீழே அழுத்திப் பின்னே தள்ளி அதை இருப்பிடம் சேர்ப்பார். பழங்காலக் கிரேக்க மருத்துவ நூல்களிலேயே காணப்படும் முறை இது. அதன்பின் சில வாரங்கள், கொட்டாவி வரும்போதெல்லாம் மோவாயைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.