'இமாஜின்' என்ற சொல்லும் அதன் கூட்டாளிகளும்

தமிழில் 'நினைத்தேன்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனையோ அலுவல்களை முடித்துவிடுகிறோம். ஊரை நினைத்தேன் என்றால் ஞாபகம். வர நினைத்தேன் என்றால் எண்ணம். ஆமி வருகிறதென்று நினைத்தேன் என்றால் ஊகம். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. கவனமாகக் கையாள வேண்டியது 'இமாஜின்'.

அகதி விசாரணைக்குப் போகிறவர்களுக்கு இது மிக முக்கியம். 'ஐ இமாஜின்ட் ஐ ஹேர்ட் ஷெல்லிங்' என்றால், ஷெல் சத்தம் கேட்டதாக மனம் கற்பித்துக்கொண்டது, உண்மையில் கேட்கவில்லை என்றே கொள்வார்கள். கேட்டிருந்தால் 'ஐ ஹேர்ட்' என்று சொல்லுங்கள். சத்தம் கேட்டது, ஆனால் ஷெல்தானா என்பது நிச்சயமில்லை என்றால் 'ஐ தோட் இட் வாஸ் ஷெல்லிங்' போதும். 'யூ ஆர் இமாஜினிங் திங்ஸ்' என்றால் இல்லாததை இருப்பதாக எண்ணுகிறீர் என்று பொருள். 'எ ஃபிக்மென்ட் ஒஃப் யுவர் இமாஜினேஷன்' இன்னும் கடுமையானது; முழுவதும் உமது மனம் படைத்தது என்பதாகும். இவற்றைக் கேட்டு, நம்மவர் வழக்கப்படி மரியாதைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரிடம் திருப்பிக் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. நீங்கள் பட்ட கஷ்டத்தைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் 'ஐ கான்ட் இமாஜின் வாட் யூ வென்ட் த்ரூ' என்றால், நம்ப மறுக்கிறார் என்று மனம் வருந்த வேண்டாம். அது அனுதாப வார்த்தை. 'ஐ இமாஜின் ஹீ இஸ் அட் ஹோம்' என்பதும் கற்பனை அல்ல. 'வீட்டில்தான் நிற்பார் போல' என்ற சாதாரண ஊகம்.

பிள்ளைகளின் பள்ளி அறிக்கையில் 'விவிட் இமாஜினேஷன்' என்று கதை எழுதுவதைப் பற்றி வந்தால் பாராட்டு. வீட்டுப்பாடம் செய்யாததற்குச் சொன்ன காரணத்தைப் பற்றி வந்தால், பிள்ளையை ஒருமுறை விசாரிப்பது நல்லது! 'ஓவர் அக்டிவ் இமாஜினேஷன்' என்பது அநேகமாகப் பாராட்டல்ல. 'லாக்ஸ் இமாஜினேஷன்' என்றால் பார்த்து எழுதுவதோடு நின்றுவிடுகிறார் என்ற குறை. 'கப்ச்சர்ட் ஹெர் இமாஜினேஷன்' என்றால் அந்தப் பாடம் பிள்ளையின் மனதைக் கவர்ந்துவிட்டது. அந்தப் பாடத்துக்கு நூலகத்தில் மேலும் புத்தகம் எடுத்துக் கொடுங்கள்.

என் தொழிலிலிருந்தும் ஒன்று. 'கிரியேட்டிவ்' நல்ல சொல்தான். ஆனால் 'கிரியேட்டிவ் அக்கவுன்டிங்' என்றால் கணக்கைத் திரிப்பது. கணக்காளர் எவரையும் அப்படிப் புகழ்ந்துவிடாதீர்கள்.