கோப்பின் உரிமை யாருக்கு?



பிறந்த ஊரை விட்டு வந்து இந்த வடபுலத்துப் பல்கலைக்கழகத்தில் பயிலும் நமக்கு, ஒரு வீட்டில் தங்குவது வேறு, அவ்வீட்டுக்கு உரியவராவது வேறு என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கணிப்பொறியும் இவ்வேறுபாட்டை நன்கு அறியும்.

சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்து அண்ணன் ஒருவர், தம் அளவீட்டுக் கோப்பில் எழுத எனக்கு இசைவு தந்திருந்தார். நான் கைதவறி அதில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். வரியை நீக்கினேன், ஆனால் கோப்பில் இருந்த பழைய தேதி மறைந்து, அன்றைய தேதி ஏறிவிட்டது. ‘டச்’ கட்டளையால் அதை மீட்க முயன்றேன். இன்றைய நேரத்தை இடு என்றால் லினக்ஸ் இணங்கியது. பழைய நேரத்தை இடு என்றால் மறுத்தது. ஏன்?

விடை ‘கெர்னல்’ என்னும் கருப்பகுதியில் இருக்கிறது. கோப்பின் உள்ளடக்கம் வேறு. உரிமையாளர், குழு, இசைவு, நேரம் ஆகிய பண்புகள் வேறு. ஒவ்வொரு பண்புக்கும் தனி விதி உண்டு. எழுத வல்லவன் எழுதினாலே இன்றைய நேரம் பதிந்துவிடும். ஆகவே அதை அவனுக்குத் தருவதில் இழப்பில்லை. விரும்பிய தேதியை இடுவதோ பொய்ச்சான்றாகக் கூடும். அது உரிமையாளருக்கே உரியது. இசைவை மாற்றும் ‘சிஎச்மாட்’டும் அவ்வாறே. உரிமையாளரையே மாற்றும் ‘சிஎச்ஓன்’ இன்னும் கடுமையானது. தனி அதிகாரம் பெற்ற நிர்வாகியைத் தவிர வேறு எவரும், தம் கோப்பாயினும், அதைப் பிறர் தலையில் கட்ட முடியாது. கட்ட முடிந்தால், வட்டில் தமக்குரிய இடவரம்பை எளிதில் ஏய்க்கலாம் அன்றோ? தாம் சேர்ந்துள்ள வேறொரு குழுவுக்கு மாற்றலாம்; அவ்வளவே.

விதி மட்டும் போதாது, வரிசையும் வேண்டும். பல அமைப்புகளில் ‘பிங்’ நிரலின் கோப்போடு ஒரு சிறப்பு அதிகாரம் ஒட்டியிருந்தது. உரிமையாளர் மாறினால் அது நீங்க வேண்டும் என்பது பாதுகாப்பு. ஆனால் பழைய கெர்னல், கேட்பவருக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் முன்பே அதை நீக்கியது. சாதாரணப் பயனர் ‘உரிமையாளரை மாற்று’ என்பார். ‘முடியாது’ என்று விடை வரும். ஆனால் அதிகாரம் போயிருக்கும், பிங் அவருக்கும் பிறருக்கும் இயங்காது! 2016 டிசம்பரில் வெளிவந்த 4.9 பதிப்பில் இது திருத்தப்பட்டது. முதலில் சோதனை, பின்னரே செயல்.

நான் அண்ணனிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் தம் குறிப்பேட்டைப் பார்த்து, சரியான தேதியைத் தாமே இட்டார். முதலிலேயே அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கெர்னல் என்னைத் தடுத்ததும் அதற்காகத்தான்.

நிரல் எழுதும் நண்பர்களே, உங்கள் நிரலிலும் சோதனை முந்தட்டும், செயல் பிந்தட்டும்.