கண்ணில் விட்ட சொட்டு கருப்பைக்கு எப்படிப் போகிறது?

மாணவர்களே, மழை நாளில் சூலியா தெருவில் நடந்திருப்பீர்கள். அஞ்சடியை ஒட்டிய வடிகாலில் குப்பை அடைத்துக்கொண்டால், சாதாரண மழைக்கே தண்ணீர் மேலேறிவிடும். கண்ணுக்குள்ளும் ஒரு வடிகால் உண்டு. ஐரிஸுக்குப் பின்னால் ஓயாமல் சுரக்கும் முன்கண் திரவம், ஐரிஸின் வெளி ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியே வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. வடிவது குறைந்தால் கண்ணின் அழுத்தம் கூடும். பொதுவாக அது 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். அழுத்தத்தால் பார்வை நரம்பு கெட்டால், போன பார்வை திரும்பாது. இதுதான் கிளாக்கோமா.

முதியோருக்கே அதிகம் வரும் என்றாலும், இத்தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் வசிக்கும் என் அக்காவுக்கு இளவயதிலேயே வந்துவிட்டது. கர்ப்பம் என்று தெரிந்ததும் அவர் சொட்டு மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டார். வலி ஏதும் இல்லை. இரண்டு மாதம் கழித்து அளந்தபோது அழுத்தம் 30ஐத் தாண்டியிருந்தது.

அவருடைய பயத்திலும் நியாயம் உண்டு. கண்ணாடி முன் நின்று கீழ் இமையைச் சற்று இழுத்து, மூக்குப் பக்க ஓரத்தைப் பாருங்கள். ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். கண்ணீர் அதன் வழியாகத்தான் மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். சொட்டு மருந்தும் அதே வழியில் போகிறது. சில மருந்துகள் தொண்டையில் கசப்பது அதற்குச் சாட்சி. மூக்கின் மென்சவ்வு அதை உறிஞ்சி, கல்லீரலைச் சுற்றிப் போகாமல் நேராக இரத்தத்தில் சேர்த்துவிடும். அங்கிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகலாம்.

டிமோலோல் குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடும். லட்டனோபுரோஸ்ட், கருப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் வகையைச் சேர்ந்தது. ஆகவே பெரும்பாலும் தவிர்ப்பார்கள். பிரிமோனிடினைத் தொடக்க மாதங்களில் தருவதுண்டு. ஆனால் பிறந்த குழந்தையை மயக்கி மூச்சைத் தளர்த்தக்கூடும் என்பதால், பிரசவம் நெருங்கும்போது நிறுத்திவிடுவார்கள். ஆக, எந்த மருந்து என்பது மாதத்துக்கு மாதம் மாறும்.

இன்னொரு வியப்பு: கர்ப்ப கால ஹார்மோன்களால் திரவம் எளிதாக வடிவதால், பலருக்குக் கண் அழுத்தம் சற்றுக் குறையும். சிலருக்கு மருந்தைக் குறைக்கவும் முடியும். ஆனால் அக்காவைப் போல எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

மருத்துவர் அக்காவின் மருந்தை மாற்றினார். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தச் சொன்னார். அந்தத் துளை அடைபடுவதால் இரத்தத்தில் சேரும் மருந்து வெகுவாகக் குறையும். பிறகு சல்லடைத் திசுவுக்கு லேசர் சிகிச்சையும் நடந்தது. பிள்ளைப்பேற்றுக்கு முன்பே திட்டமிட்டிருந்தால் இதை முன்கூட்டியே செய்திருக்கலாம்.

தாய் சேய் கிளினிக்கில் தரும் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் அக்காவின் கண் மருந்து பதிவாகவே இல்லை. சொட்டு மருந்தெல்லாம் ஒரு மருந்தா என்று அவர் சொல்லாமல் விட்டிருந்தார்!

நெருங்கிய இரத்த உறவுகளுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் நானும் ஆண்டுக்கு ஒருமுறை கண் அழுத்தத்தை அளந்துகொள்கிறேன்.