தினமும் குளிக்கிறோம் சரி, ஒழுங்கா துவட்டுறோமா?



போன சஷ்டி விரதம் முடிஞ்சதும் நான் பட்ட அவஸ்தையை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனா நம்ம பசங்க நிறைய பேர் என்னை மாதிரி ஐடி வேலையில இருக்காங்க, அதனால எழுதிடறேன்.

வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாட்களில் நான் குளிச்சது ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான். "ஏசியிலதானே உட்கார்ந்திருக்கேன், வியர்க்கவே இல்லையே" என்பது அம்மாவிடம் என் வாதம். மீட்டிங்குக்கு முன்னாடி முகம் கழுவி டியோடரண்ட் அடிச்சுப்பேன். உண்மையில் வியர்வைக்குன்னு பெரிசா நாற்றம் கிடையாது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் சுரக்கிற வியர்வையை அங்கேயே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் வாடை வருகிறது. மேலே எவ்வளவு சென்ட் அடிச்சாலும் கீழே உப்பு, எண்ணெய்ப் பசை, உதிர்ந்த தோல் எல்லாம் அப்படியேதான் இருக்கும். தண்ணி ஊத்திக் கழுவினாத்தான் போகும்.

சஷ்டி வந்ததும் நான் அப்படியே தலைகீழா மாறிட்டேன். ஆறு நாளும் காலை, மாலை குளியல். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், உடம்பு முழுக்க சோப்பு. அப்புறம் சரியா துவட்டாம, ஈர வேட்டியோடவே பூஜைக்கு உட்கார்ந்துடுவேன். அதுதான் பக்தின்னு ஒரு நினைப்பு.

விரதம் முடிஞ்சு கொஞ்ச நாளில் இடுப்பில் அரிப்பு. வட்டமா, ஓரம் மட்டும் சிவந்து தடிச்சிருந்தது. படர்தாமரை. மருந்துக்கடையில் சொல்லி ஒரு டியூப் வாங்கித் தடவினேன். ரெண்டே நாளில் அரிப்பு நின்னுது. தடவுறதை விட்டதும் முன்னைவிடப் பெரிசா வந்தது. இப்படியே ரெண்டு மாசம் ஓடிச்சு. ஒருநாள் அம்மா கையிலும் அதே வட்டம். ரெண்டு பேருக்கும் ஒரே துண்டு. அன்னைக்குத்தான் தோல் டாக்டரிடம் போனேன்.

அந்த மேடம் முதலில் டியூபைக் காட்டச் சொன்னார். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கிடும், பூஞ்சையைக் கொல்லாது. நம்ம பாஷையில் சொன்னா, எரர் மெசேஜை மட்டும் மறைச்சுட்டு பக்கை அப்படியே விட்ட கதை. அப்புறம் என் குளியலைப் பற்றி விசாரித்தார். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஹெச் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பு 9, 10 வரை போகும். அதோட சுடுதண்ணியும் சேர்ந்தா தோலின் இயற்கையான எண்ணெய் கரைஞ்சு, வறண்டு, நுண்ணிய வெடிப்பு விடும். மேலே ஈரத்துணியைக் கட்டினா பூஞ்சைக்கு வேறென்ன வேணும்? சூடும் ஈரமும்தான் அதுக்குப் பிடிச்சது, தோலில் இருக்கிற கெரட்டின்தான் அதுக்கு சாப்பாடு.

தினமும் குளிக்கணும், வியர்த்தா ரெண்டு வேளையும் குளிக்கலாம்னுதான் அவரும் சொன்னார். ஆனா வெதுவெதுப்பான தண்ணி, பத்து நிமிஷத்துக்குள்ள. சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம், அழுக்குப் பட்ட இடம், இதுக்கு மட்டும் போதும். கால்விரல் இடுக்கு வரைக்கும் ஒத்தி எடுத்துத் துவட்டிட்டு, காய்ந்த துணியைத்தான் கட்டணும். வறண்ட கை காலுக்கு ஈரம் முழுசா காயுறதுக்குள்ள மாய்ஸ்சரைசர் தடவினா தண்ணிச் சத்து தோலிலேயே தங்கும்.

கேட்டுட்டு இருக்கும்போதே எனக்குத் திருச்செந்தூர்தான் ஞாபகம் வந்தது. கடலில் முங்கிட்டு அப்படியே கோயிலுக்குள் போறதில்லை, நாழிக்கிணற்று நல்ல தண்ணியிலும் குளிக்கிறோம். அதுக்கான தாத்பரியம் வேறே. ஆனா உப்பு தோலிலேயே காய்ந்தா வறண்டு அரிக்கும். நல்ல தண்ணியில் அலசினா அந்தத் தொல்லை இல்லை. அதுக்கப்புறம் ஈரத்தோட வரிசையில் நிக்கிறது நாமதான். பையில் ஒரு காய்ந்த வேட்டியும் தனித் துண்டும் வச்சுக்கோங்க.

அம்மாவுக்கு சீக்கிரமே ஆறிடுச்சு. ஸ்டீராய்டு தடவினதால எனக்கு மாசக்கணக்கில் மருந்து. இப்போ எங்க வீட்டில் ஆளுக்கொரு துண்டு. என்னோடதை அம்மா மொட்டை மாடிக் கொடியில், மத்த துணியில் படாம, வெயில் விழுற ஓரமாத்தான் காயப் போடறாங்க.