தாளில் எழும் கோட்டை

ஜெர்மனியின் தென்பகுதியில், ஆல்ப்ஸ் மலைச்சாரலில், நொய்ஷ்வான்ஸ்டைன் என்னும் வெண்ணிறக் கோட்டை ஒன்று நிற்கிறது. பவேரியாவின் அரசர் இரண்டாம் லூட்விக் 1869ஆம் ஆண்டில் அதற்கு அடிக்கல் நாட்டினார். அக்காலத்தில் பீரங்கிகள் வந்துவிட்டதால் உயர்ந்த மதில்களால் பயன் ஏதுமில்லை. ஆயினும், பழங்கதைகளிலும் இசைநாடகங்களிலும் தாம் கண்டு மகிழ்ந்த கோட்டையைக் கண்முன் எழுப்பிவிட வேண்டும் என்பதே அரசரின் ஆசை. அதனால், அக்கோட்டையின் தோற்றத்தை முதலில் தாளில் தீட்டியவர் கட்டடக் கலைஞர் அல்லர். நாடக மேடைகளுக்குக் காட்சி ஓவியம் வரைந்த கிறிஸ்டியான் யாங்க் என்பவர். அவருடைய ஓவியங்களின் அடிப்படையிலேயே எடுவார்ட் ரீடல் என்ற கட்டடக் கலைஞர் கட்டுமான வரைபடங்களை உருவாக்கினார்.

கல்லில் எழுவதற்கு முன் அக்கோட்டை தாளில் எழுந்தது. கற்பனைக் கோட்டை வரையும் கலைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கற்பனை என்றால் மனம்போன போக்கில் கிறுக்குவது என்று சிலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் தவறு. டேவிட் மெக்காலே என்ற ஓவியர் 1977ஆம் ஆண்டில் கோட்டை ஒன்று கட்டப்படும் விதத்தைப் பேனாச் சித்திரங்களாலேயே விளக்கும் நூலை வெளியிட்டார். அதில் வரும் கோட்டை எந்த நாட்டிலும் இல்லை. முழுக்க முழுக்கக் கற்பனையே. ஆனால், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டில் கட்டப்பட்ட உண்மையான கோட்டைகளை ஆராய்ந்தே அவர் அதனை வரைந்தார். மதில் எதற்காகத் தடித்திருக்கிறது, வாயில் எதற்காக இரு கோபுரங்களுக்கு இடையில் இருக்கிறது என்பதை அறிந்தவரின் கற்பனையே பார்ப்பவரை நம்ப வைக்கும்.

முதற்படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கோட்டை வரையத் தொடங்கும் பலர் முதலில் கொடிகளையும் சாளரங்களையும் வரைகின்றனர். ஒரு மணி நேரம் சென்ற பிறகு, கடைசிக் கோபுரத்திற்குத் தாளில் இடமில்லை என்பது தெரிகிறது. அல்லது கோபுரம் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது. அதன் பிறகு எத்தனை அழகான கொடியாலும் அதனைக் காப்பாற்ற முடியாது. சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பார்கள். கோட்டைச் சித்திரத்திற்குச் சுவர் என்பது அதன் அடிப்படைத் திட்டமே.

ஆகவே, முதல் கேள்வி இதுதான்: கோட்டை எங்கே நிற்கிறது? திருக்குறளின் அரண் அதிகாரத்தில், தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழல் அடர்ந்த காடு ஆகிய நான்கும் நாட்டிற்குப் பாதுகாப்பாக எண்ணப்படுகின்றன. மதில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் அங்கேயே விடை கிடைக்கிறது: உயரம், அகலம், உறுதி, எளிதில் நெருங்க முடியாத அமைப்பு. கோட்டை வரைபவர் இந்த எட்டுச் சொற்களையும் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மலையுச்சி என்றால் கோட்டை ஒடுங்கி உயரும்; ஏரியின் நடுவே என்றால் பரந்து விரியும். இடம் முடிவானால் வடிவமும் பாதி முடிவாகிவிடும்.

இதற்கு விரலளவு மாதிரிப் படங்கள் உதவும். தாளின் மூலையில் தீப்பெட்டி அளவில் நான்கைந்து படங்களை விரைவாக வரைந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடமே போதும். அவற்றுள் சிறந்ததைப் பெரிய தாளுக்கு மாற்றலாம்.

இரண்டாம் படி: கண்மட்டக் கோடு

அடுத்து, ஏ3 அளவு வரைதாளில், மெல்லிய கோடு விழும் 2எச் பென்சிலால் கிடைக்கோடு ஒன்றை வரைய வேண்டும். அதுவே கண்மட்டக் கோடு. பார்ப்பவரின் கண் இருக்கும் உயரம். இக்கோடு தாளின் கீழ்ப்பகுதியில் இருந்தால், பார்ப்பவர் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறார். கோட்டை ஓங்கி உயர்ந்து தெரியும். கோடு மேற்பகுதியில் இருந்தால், பார்ப்பவர் பறவைபோல் மேலிருந்து பார்க்கிறார். மதிலுக்குள் உள்ள முற்றமும் கிணறும் தொழுவமும் தெரியும்.

கண்மட்டக் கோட்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு புள்ளி வைக்க வேண்டும். நீண்டு செல்லும் மதில்களின் மேல்விளிம்பும் அடிவிளிம்பும் இப்புள்ளிகளை நோக்கியே சரிய வேண்டும். நேராகச் செல்லும் இரயில் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்று சேர்வதுபோல் தோன்றும் அல்லவா? அதே விதிதான் மதிலுக்கும்.

மூன்றாம் படி: எளிய வடிவங்கள்

எவ்வளவு சிக்கலான கோட்டையும் நான்கு வடிவங்களில் அடங்கிவிடும். மதிலும் மாளிகையும் கனச்செவ்வகங்கள்; வட்டக் கோபுரம் உருளை; அதன் கூரை கூம்பு; மாளிகையின் கூரை முப்பட்டகம். முதலில் இவ்வடிவங்களை மட்டும் வரைந்து, ஒன்றின்மீது ஒன்று, ஒன்றன்பின் ஒன்று என அடுக்க வேண்டும். இந்நிலையில் ஒரு சாளரம்கூட வேண்டாம்.

கோபுரங்கள் அனைத்தும் ஒரே உயரத்தில் இருந்தால் படம் வேலி போல் ஆகிவிடும். ஒன்று மிக உயரமாகவும், இரண்டு நடுத்தரமாகவும், மற்றவை குட்டையாகவும் இருந்தால் கண் தாழ்ந்தும் உயர்ந்தும் பயணிக்கும். மிக உயரமான கோபுரத்தைத் தாளின் சரிநடுவில் வைக்காமல் சற்றே ஒதுக்கி வைப்பது நல்லது.

ஒவ்வொரு கோபுரத்திற்கும் நடுவில் செங்குத்தான ஒரு கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். கூம்புக் கூரையின் உச்சி அக்கோட்டின்மேல்தான் அமைய வேண்டும். கோபுரம் சாய்வதற்கும் கூரை கோணிக்கொள்வதற்கும் பெரும்பாலும் இந்த ஒரு கோட்டை மறந்ததே காரணம்.

நான்காம் படி: வளைவுகளின் உண்மை

மாணவர்கள் மிகுதியாகத் தவறுவது வட்டக் கோபுரத்தின் விளிம்பில்தான். கோபுரத்தைச் சுற்றியுள்ள வட்டம், பார்ப்பவருக்கு நீள்வட்டமாகத் தெரிகிறது. கண்மட்டத்திற்கு மேலே உள்ள விளிம்பின் முன்பக்கம் வில்லைப்போல் மேல்நோக்கி வளையும். கண்மட்டத்திற்குக் கீழே உள்ள விளிம்பின் முன்பக்கம் கிண்ணத்தின் அடியைப்போல் கீழ்நோக்கி வளையும். கண்மட்டத்திலேயே இருந்தால் அது நேர்க்கோடாகத் தெரியும். கண்மட்டத்தை விட்டு விலக விலக வளைவு கூடிக்கொண்டே போகும்.

இதனை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வீட்டில் உள்ள ஒரு குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மெல்ல உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்தால் விளிம்பு எப்படி வளைகிறது என்பது நொடியில் விளங்கும். புத்தகத்தில் படித்ததைவிடக் கண் கண்டது நிலைக்கும்.

ஐந்தாம் படி: காரணமுள்ள நுணுக்கங்கள்

இப்போதுதான் நுணுக்கங்களுக்கு நேரம் வருகிறது. மதிலின் உச்சியில் பல்வரிசைபோல் மேடும் பள்ளமும் மாறி மாறி இருக்கும். மேட்டுக்குப் பின்னால் வீரன் மறைந்து நிற்பான்; பள்ளத்தின் வழியாக அம்பு எய்வான். இவ்வாறு மறைந்திருந்து அம்பு எய்வதற்கு மதிலில் அமைத்த இடத்தைப் பண்டைத் தமிழர் ‘ஞாயில்’ என்றனர். பயனை அறிந்து வரையும்போது ஒவ்வொரு மேடும் ஒரு மனிதனை மறைக்கும் அளவில் தானாகவே அமைந்துவிடும்.

மற்ற நுணுக்கங்களுக்கும் இவ்வாறே காரணம் கேட்க வேண்டும். எதிரி தாக்கக்கூடிய கீழ்ப்பகுதியில் அகன்ற சாளரம் இருக்காது. வெளியே குறுகி உள்ளே விரியும் அம்புத் துளைகளே இருக்கும். அகன்ற சாளரங்கள் உயரத்தில் இருக்கும். கோபுரத்திற்குள் சுழல்படிக்கட்டு இருந்தால், அதன் சிறு சாளரங்கள் ஒரே வரிசையில் இல்லாமல் படியோடு சேர்ந்து சாய்வாக ஏறிச் செல்லும். அகழி இருந்தால் தூக்குப் பாலம் வேண்டும். பாலம் இருந்தால் அதைத் தூக்கும் சங்கிலி வேண்டும். சமையற்கூடம் இருந்தால் புகைபோக்கி வேண்டும். உள்ளே மனிதர் வாழ்கின்றனர் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு அப்போது தோன்றும்.

கதவு ஒன்றையும் அதனருகில் மிகச் சிறிய மனித உருவம் ஒன்றையும் வரைய மறக்கக்கூடாது. கோட்டை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும் அளவுகோல் அந்த மனிதன்தான்.

கற்களை வரையும்போது எல்லாக் கற்களையும் வரைந்தால் படம் வலைபோல் மாறிவிடும். மூலைகளிலும் சாளரங்களின் ஓரத்திலும் நிழல் விழும் இடத்திலும் மட்டும் கொத்துக் கொத்தாகக் கற்களைக் காட்டி, இடையில் வெறுமையாக விட வேண்டும். எஞ்சியதைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும். கொத்தனார் கல் அடுக்குவதைப்போல், மேல்வரிசைக் கல்லின் இணைப்பு கீழ்வரிசைக் கல்லின் நடுவில் அமைய வேண்டும். வட்டக் கோபுரத்தில் கல் வரிசைகள் நீள்வட்டத்தின் வளைவையே பின்பற்ற வேண்டும். இரு ஓரங்களை நெருங்க நெருங்கக் கற்கள் ஒடுங்க வேண்டும்.

இங்கே ஓர் உத்தியும் உண்டு. கலிபோர்னியாவில் 1955ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டின் கோட்டை சுமார் 23 மீட்டர் உயரமே கொண்டது. அதன் அடிப்பகுதிக் கற்கள் பெரியனவாகவும் மேலே செல்லச் செல்லச் சிறியனவாகவும் அமைக்கப்பட்டுள்ளன. அதனால் உச்சி வெகு தொலைவில் இருப்பதுபோல் தோன்றி, கோட்டை உண்மையைவிட உயரமாகத் தெரிகிறது. தாளிலும் இவ்வுத்தி அப்படியே பலிக்கும்.

ஆறாம் படி: மையும் நிழலும்

பென்சில் படம் முடிந்ததும், அதனைக் கண்ணாடியின் முன் பிடித்துப் பார்ப்பது நல்லது. இடம் வலமாக மாறித் தெரியும்போது, இதுவரை கண்ணுக்குத் தப்பிய சாய்வுகள் பளிச்செனத் தெரியும். பென்சில் கோட்டை அழிக்கலாம். மைக்கோட்டை அழிக்க முடியாது.

மை பூசும்போது முன்னால் உள்ளவற்றை முதலில் வரைந்து, பிறகு பின்னால் உள்ளவற்றுக்குச் செல்ல வேண்டும். அப்போதுதான் ஒரு கோபுரத்தின் கோடு மற்றொன்றின் ஊடே பாயாது. முன்னுள்ள கோபுரங்களுக்குத் தடித்த கோடு. தொலைவில் உள்ளவற்றுக்கு மெல்லிய கோடு, குறைந்த நுணுக்கம். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டால் மை கலையாது. மை நன்றாகக் காய்ந்த பிறகே பென்சில் கோடுகளை அழிக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இவ்விடத்திற்கே சொன்னதுபோல் இருக்கும்.

இறுதியில், சூரியன் எப்பக்கம் இருக்கிறது என்பதை முடிவு செய்து தாளின் ஓரத்தில் சிறு அம்புக்குறி இட வேண்டும். வெளிச்சம் படும் பக்கம் வெண்மையாகவே இருக்கட்டும். எதிர்ப்பக்கத்தில் நெருக்கமான இணைகோடுகளால் நிழல் இட வேண்டும். மிகவும் இருண்ட இடங்களில் அவற்றின் குறுக்கே மற்றொரு வரிசைக் கோடுகள் போதும். கோபுரத்தின் நிழல் பக்கத்து மதிலின்மீது விழும்போதுதான் தட்டையான தாளில் ஆழம் பிறக்கிறது. ஒரு கோடு தவறிவிட்டால் தாளைக் கசக்கி எறிய வேண்டியதில்லை. அதனை மதிலில் ஏறும் கொடியாகவோ, காலம் உண்டாக்கிய விரிசலாகவோ மாற்றிவிடலாம். பழங்கோட்டை எதிலும் குறையில்லாத சுவர் இல்லை.

கட்டி முடியாத கோபுரம்

லூட்விக் அரசரின் கோட்டைக்கு என்ன நேர்ந்தது? பெருங்கடன் சேர்ந்தது. 1886ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசர் இறந்தபோது கோட்டை முற்றுப்பெறவில்லை. திட்டத்தில் இருந்த 90 மீட்டர் உயரக் கோபுரம் கட்டப்படவே இல்லை. மேல்முற்றத்தின் தளத்தில் அதன் அடித்தளத்தின் வடிவத்தை மட்டும் இன்றும் காணலாம். அரசரின் மறைவுக்குச் சில வாரங்களில் கோட்டை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தனிமையை விரும்பிய ஓர் அரசரின் கனவைக் காண இன்று ஆண்டுதோறும் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்டோர் வருகின்றனர்.

வேல்ஸ் நாட்டின் பியூமாரிஸ் கோட்டையும் அப்படித்தான். 1295ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வேலை, பணம் தீர்ந்ததால் பாதியிலேயே நின்றது. கல்லால் கட்டுபவருக்குப் பொன்னும் ஆளும் வேண்டும். தாளில் கட்டுபவருக்கு ஒரு பென்சில், ஓர் அழிப்பான், ஒரு பேனா ஆகியவையே போதும். ஆனால், இருவருக்கும் பொதுவாகத் தேவைப்படுவது ஒன்று உண்டு: அடித்தளத்தை முடிக்கும் முன் கொடியை ஏற்றத் துடிக்காத பொறுமை. அப்பொறுமை இருக்குமானால், அரசர் ஒருவரால் கட்டி முடிக்க முடியாத கோபுரத்தைப் பள்ளி மாணவர் ஒருவர் ஒரு வார விடுமுறையில் கட்டி முடித்துவிடலாம்.