சரக்கில் உறங்கும் பணம்

வழங்கல் சங்கிலியை அளந்து, ஒப்பிட்டு, சீர்செய்யும் முறை

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது முன்னோர் வழக்கு. சிறு, நடுத்தரத் தொழில் நடத்துவோரின் சரக்குக் கிடங்குக்கும் இது பொருந்தும். மூலப்பொருள் கொள்முதல், உற்பத்தி, இருப்பு வைத்தல், அனுப்புதல், பணம் வசூலித்தல் ஆகிய கட்டங்கள் ஒன்றோடொன்று பிணைந்ததே வழங்கல் சங்கிலி. இதன் எந்தக் கண்ணியில் தாமதம் நேர்ந்தாலும் அதற்கான விலையைத் தொழில்முனைவோர் வட்டியாகச் செலுத்துகிறார். ஏட்டளவில் இலாபம் காட்டும் நிறுவனம் சம்பள நாளன்று பணத்துக்குத் திண்டாடுவதன் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. ஜி.எஸ்.டி. பில்கள், இ-வே பில்கள், இருப்புப் பதிவேடு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகிய நான்கும் ஏற்கெனவே நம் கைவசம் உள்ள தரவுகளே. அவற்றிலிருந்து மூன்று அளவுகளைக் கணக்கிடப் பழகினால் போதும்.

முதல் அளவு: பணச் சுழற்சி நாட்கள்

சரக்கில் போட்ட பணம் மீண்டும் பணமாகக் கைக்கு வர எத்தனை நாட்கள் ஆகின்றன என்பதே இது. இருப்பு நாட்களையும் வசூல் நாட்களையும் கூட்டி, நமக்குச் சரக்கு தருவோர் அளிக்கும் தவணை நாட்களைக் கழிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் ஆண்டு விற்பனை 3.65 கோடி ரூபாய். அதாவது நாளொன்றுக்கு 1 இலட்சம். விற்ற சரக்கின் அடக்கச் செலவு நாளொன்றுக்கு 80,000 ரூபாய். கிடங்கில் உள்ள சரக்கு 48 இலட்சம் எனில் இருப்பு 60 நாட்கள். வரவேண்டிய பாக்கி 50 இலட்சம் எனில் வசூல் 50 நாட்கள். கொடுக்க வேண்டிய பாக்கி 16 இலட்சம் எனில், அடக்கச் செலவின் அடிப்படையில் தவணை 20 நாட்கள். ஆகச் சுழற்சி 90 நாட்கள்.

இந்நிறுவனம் இருப்பை 45 நாட்களாகக் குறைத்தால் 12 இலட்சம் விடுபடும். வசூலை 45 நாட்களாகக் குறைத்தால் மேலும் 5 இலட்சம் கைக்கு வரும். ஆண்டு வட்டி 10 விழுக்காடு என்று கொண்டால், 17 இலட்சத்துக்கு 1.7 இலட்சம் ரூபாய் மிச்சம். விற்பனை ஒரு ரூபாய்கூட உயராமலே கிடைக்கும் ஆதாயம் இது.

இரண்டாம் அளவு: குறையற்ற ஆர்டர்

சரக்கு உரிய நாளில், முழு அளவில், சேதமின்றி, பிழையற்ற ஆவணங்களோடு சென்று சேர்ந்தால்தான் அது குறையற்ற ஆர்டர். இந்நான்கிலும் ஒரு நிறுவனம் முறையே 95, 95, 98, 97 விழுக்காடு பெறுவதாகக் கொள்வோம். தனித்தனியே பார்த்தால் எல்லாமே நல்ல மதிப்பெண்கள். ஆனால் இக்குறைகள் ஒன்றையொன்று சாராமல் நேர்ந்தால், நான்கையும் பெருக்கக் கிடைப்பது சுமார் 86 விழுக்காடே. நூற்றில் 14 ஆர்டர்களில் ஏதேனும் ஒரு குறை இருக்கிறது. வாடிக்கையாளர் பணத்தை நிறுத்தி வைப்பதும் இத்தகைய ஆர்டர்களில்தான். ஆகவே வசூல் தாமதத்தைக் குறைக்க விரும்புவோர் முதலில் தம் அனுப்புதல் பிரிவைச் சோதிக்க வேண்டும்.

மூன்றாம் அளவு: வரவு நாட்களின் ஏற்ற இறக்கம்

மூலப்பொருள் தருவோர் இருவர். முதலாமவரின் சரக்கு 9, 10, 11, 10, 10 நாட்களில் வந்தது. இரண்டாமவரின் சரக்கு 5, 15, 8, 12, 10 நாட்களில் வந்தது. இருவருக்கும் சராசரி 10 நாட்களே. எனினும் நாளொன்றுக்கு 100 கிலோ பயன்படுத்தும் ஆலை, இந்த அனுபவத்தின்படி முதலாமவரை நம்பினால் 100 கிலோ காப்பிருப்பும், இரண்டாமவரை நம்பினால் 500 கிலோ காப்பிருப்பும் வைத்தாக வேண்டும். இரண்டாமவர் கிலோவுக்குச் சில காசுகள் குறைத்துக் கொடுத்தாலும், அந்தக் கூடுதல் இருப்பின் வட்டியையும் இடச் செலவையும் சேர்த்துப் பார்த்த பின்பே எது மலிவு என்று முடிவு செய்ய வேண்டும்.

யாரோடு ஒப்பிடுவது?

அளந்த எண் தனித்து நின்றால் பொருள் தராது. முதல் ஒப்பீடு நம்மோடேயே அமையட்டும். பருவத்துக்கேற்ப மாறும் தொழில்களில் கடந்த மாதத்தோடு ஒப்பிடாமல், கடந்த ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவது முறை. அடுத்தது, அதே துறையில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள். அவற்றின் ஆண்டறிக்கையில் சரக்கிருப்பும் வரவேண்டிய பாக்கியும் வெளிப்படையாக இருக்கின்றன. மேற்கண்ட கணக்கை அவற்றுக்கும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பெரிய நிறுவனத்தின் பேர வலிமை நமக்கு இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிற துறையிலிருந்தும் கற்கலாம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனம் தன் கிடங்குப் பணியைச் சீர்செய்ய, அஞ்சல்வழி ஆடைகளும் வெளியிடப் பயணப் பொருட்களும் விற்ற எல்.எல். பீன் நிறுவனத்தின் கிடங்கை ஆராய்ந்தது. பொருட்கள் வேறு, ஆனால் கிடங்கிலிருந்து சரக்கை எடுத்துத் தொகுக்கும் வேலை ஒன்றே. நாம் ஒப்பிட வேண்டியதும் எண்ணை மட்டுமன்று, அந்த எண்ணை உண்டாக்கும் செயல்முறையையும்தான்.

நாடுகளும் இவ்வாறே அளக்கப்படுகின்றன. உலக வங்கியின் சரக்குப் போக்குவரத்துச் செயல்திறன் குறியீட்டில் 2018-இல் 44-ஆம் இடத்தில் இருந்த இந்தியா, 2023-இல் 38-ஆம் இடத்துக்கு முன்னேறியது.

சட்டமும் வங்கியும் தரும் துணை

வசூல் நாட்களைக் குறைக்க 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் துணை நிற்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்கு மேற்படாமலும், இல்லையெனில் 15 நாட்களுக்குள்ளும் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. ‘டிரெட்ஸ்’ மின்னணுத் தளங்களில், வாங்குபவர் ஏற்ற பில்லைக் கழிவு செய்து முன்கூட்டியே பணம் பெறலாம். வாங்குபவர் பின்னர் பணம் செலுத்தத் தவறினாலும் விற்றவரிடம் அத்தொகை திரும்பக் கோரப்படுவதில்லை.

நடைமுறை மூலதன வரம்பை விற்றுமுதல் முறையில் கணக்கிடும்போது, சுழற்சி 3 மாதம் என்ற அடிப்படையில் ஆண்டு விற்பனை மதிப்பீட்டின் 25 விழுக்காடு தேவையாகக் கொள்ளப்படுகிறது. அதில் 20 விழுக்காடு வங்கிக் கடன். 5 விழுக்காடு தொழில்முனைவோரின் பங்கு. தம் சுழற்சி நாட்களை அறிந்தவர், வரம்பு போதவில்லையெனில் அதற்கான காரணத்தைக் கணக்கோடு எடுத்துரைக்க இயலும். தேவைக்கு மேல் கடன் வாங்கி வட்டி சுமப்பதையும் அவர் தவிர்ப்பார்.

தொடங்கும் முறை

முதல் மாதம் மூன்று அளவுகளையும் கணக்கிட்டுக் குறித்து வையுங்கள். இரண்டாம் மாதம் மிகவும் பின்தங்கிய ஒன்றை மட்டும் தேர்ந்து, அதன் காரணத்தைச் சரக்குவாரியாக, வாடிக்கையாளர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் சில சரக்குகளும் சில வாடிக்கையாளர்களுமே தாமதத்தின் பெரும்பகுதிக்குக் காரணமாக இருப்பது தெரியவரும். மூன்றாம் மாதம் அவற்றில் ஒன்றைச் சீர்செய்து மீண்டும் அளவிடுங்கள். அடுத்த முறை கடன் வரம்பைப் புதுப்பிக்கக் கிளைக்கு வரும்போது, இந்த மூன்று மாதக் குறிப்பையும் உடன் கொண்டு வாருங்கள்.